எந்த முல்லர்?

இந்தியவியலைப் பற்றிச் சிறிதளவு படித்தவர்களுக்கும் மாக்ஸ் முல்லர் என்ற பெயர் பழக்கமானதே. ரிக் வேதத்தைச் சாயணரின் உரையோடு 1849-இல் தொடங்கி 1874 வரை ஆறு தொகுதிகளாகப் பதிப்பித்தவர், ஆக்ஸ்போர்டில் ஒப்பியல் மொழிநூல் பேராசிரியராக இருந்தவர், இந்தியாவை ஒரு முறைகூட நேரில் காணாமலே வாழ்நாள் முழுவதும் அதைப் பற்றி எழுதியவர் என்றெல்லாம் அவரை நாம் அறிந்திருக்கிறோம். ஆனால் அவருடைய குடும்பப் பெயர் முல்லர் மட்டுமே என்பதும், மாக்ஸ் என்ற தம் முன்பெயரை அவரே குடும்பப் பெயரோடு சேர்த்துக்கொண்டார் என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1823 டிசம்பர் 6 அன்று டெசாவ் நகரில் பிறந்த அவருடைய பெயர் பிரீட்ரிக் மாக்ஸ் முல்லர். ஜெர்மனியில் பிரீட்ரிக் மிகப் பரவலான முன்பெயர். முல்லரோ எல்லாவற்றையும்விடப் பரவலான குடும்பப் பெயர். அந்தப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டால் தம்மை யாரும் தனித்து அடையாளம் காண முடியாது என்று கருதியே அவர் மாக்ஸை விடாமல் பிடித்துக்கொண்டார். அந்தப் பெயர் வந்த வழியும் அழகானது. இசையமைப்பாளர் கார்ல் மரியா ஃபொன் வேபர் அவருடைய ஞானத்தந்தை. வேபரின் புகழ்பெற்ற இசைநாடகத்தின் நாயகன் பெயர் மாக்ஸ்.

அவர் அப்படிச் செய்ததற்கு வலுவான காரணம் இருந்தது. அதே காலத்தில், அதே மொழிநூல் துறையில், வியன்னா பல்கலைக்கழகத்தில் இன்னொரு பிரீட்ரிக் முல்லர் இருந்தார். 1834-இல் பிறந்து 1898-இல் மறைந்த அவர் உலக மொழிகளை வகைப்படுத்திப் பல தொகுதிகள் கொண்ட பெருநூலை 1876 முதல் வெளியிட்டவர். இன்று ஆப்பிரிக்க-ஆசிய மொழிக்குடும்பம் என்று நாம் சொல்வதற்கு முன்பு வழங்கிய 'ஹாமிட்டோ-செமிட்டிக்' என்ற பெயரை நிலைபெறச் செய்தவரும் அவரே. ஒருவர் ஆக்ஸ்போர்டிலும் மற்றவர் வியன்னாவிலும் இருந்துகொண்டு, ஒரே நூற்றாண்டின் பிற்பாதியில், மொழிகளின் உறவு என்ற ஒரே பொருளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார்கள். அக்கால ஆய்வுக் கட்டுரை ஒன்றின் அடிக்குறிப்பில் பிரீட்ரிக் முல்லர் என்று மட்டும் கண்டால், அது பெரும்பாலும் வியன்னாக்காரராகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு, ஏனெனில் ஆக்ஸ்போர்டுக்காரர் தம்மை மாக்ஸ் முல்லர் என்றே எங்கும் நிலைநிறுத்திக்கொண்டார். நம் எழுத்தில் இந்த இருவரும் ஒருவராகிவிடக் கூடாது என்பதில் எனக்கு மிகுந்த அக்கறை உண்டு. இருவருடைய கொள்கைகளும் வேறு, அவற்றின் விளைவுகளும் வேறு. ஒருவர் சொன்னதற்கு மற்றவரைப் பொறுப்பாக்குவது இருவருக்கும் செய்யும் அநீதி.

பிரீட்ரிக் முல்லர்கள் இந்த இருவரோடு முடிந்துவிடவில்லை. கிராய்ட்ஸ்நாக்கில் 1749-இல் பிறந்து 1825-இல் ரோமில் மறைந்த பிரீட்ரிக் முல்லர் ஓவியர், கவிஞரும்கூட. சாத்தானோடு ஒப்பந்தம் செய்துகொண்ட ஃபாஸ்ட்டின் கதையை, ஜெர்மன் பெருங்கவிஞர் கதேயைப் போலவே அவரும் நாடகமாக எழுதியிருக்கிறார். ஜெர்மன் இலக்கிய வரலாறு அவரை 'ஓவியர் முல்லர்' என்றே குறிப்பிடுகிறது. பிரீட்ரிக் என்று தேடினால் எளிதில் கிடைக்க மாட்டார். கதேயின் நெருங்கிய நண்பராக வைமாரில் இருந்து, அவரோடு நடத்திய உரையாடல்களைக் குறித்து வைத்த இன்னொரு பிரீட்ரிக் ஃபொன் முல்லர், அந்தச் சிற்றரசின் நீதித்துறைத் தலைவராக இருந்ததால் 'சான்சலர் முல்லர்' ஆனார். மாக்ஸ் முல்லரின் தந்தை வில்ஹெல்ம் முல்லருக்கும் இத்தகைய அடைமொழி உண்டு. கிரேக்க விடுதலைப் போருக்கு ஆதரவாக அவர் எழுதிய பாடல்கள் பரவியதால் அவரைக் 'கிரேக்க முல்லர்' என்று அழைத்தார்கள். 33 வயதைக்கூட எட்டாமல் 1827-இல் இறந்துபோன அந்தக் கவிஞரின் வரிகளுக்குத்தான் இசையமைப்பாளர் ஷூபர்ட் இரண்டு பாடல் தொடர்களை அமைத்தார். அவற்றுள் முதலாவது, மாவாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து ஆலைக்காரரின் மகளைக் காதலிக்கும் இளைஞனின் கதை.

முல்லர் என்றால் மாவாலைக்காரர் என்பதால், அந்தப் பெயர் இத்தனை பரவியதற்கான காரணமும் ஆலையில்தான் இருக்கிறது. இடைக்கால ஜெர்மன் நிலப்பகுதிகள் பலவற்றில், ஒரு பிரபுவின் ஆட்சிக்கு உட்பட்ட உழவர்கள் தம் தானியத்தை அவர் குறிப்பிட்ட ஆலையிலேயே அரைக்க வேண்டும் என்ற கட்டாயம் இருந்தது. ஆகவே ஊருக்கு ஊர் ஓர் ஆலை இருந்தது; அதில் ஆலைக்காரர் ஒருவர் இருந்தார். தொழிற்பெயர்கள் பரம்பரைக் குடும்பப் பெயர்களாக உறைந்தபோது, ஒவ்வோர் ஊரிலும் அந்த ஆலைக்காரரின் பிள்ளைகள் முல்லர் ஆனார்கள். இதில் என்னைத் திரும்பத் திரும்பச் சிந்திக்க வைப்பது ஒன்று உண்டு. பிறந்த இடத்தில் அந்தப் பெயரைப் போல ஒருவரைத் துல்லியமாகச் சுட்டிய பெயர் வேறில்லை. ஊரில் உழவர்கள் நூறு பேர் இருந்திருப்பார்கள், ஆலைக்காரர் ஒருவரே இருந்திருப்பார். ஊரை விட்டு வெளியே வந்து, பல்கலைக்கழகத்திலும் நகரத்திலும் நாடாளுமன்றத்திலும் பத்து ஊர் ஆலைக்காரர்களின் வாரிசுகள் ஒன்றாகச் சேர்ந்தபோதுதான் அந்தத் துல்லியம் மறைந்தது. அதன் பிறகு ஒவ்வொரு முல்லரும் எதைச் சேர்த்துத் தம்மைத் தனித்துக் காட்டினார் என்பதும், மற்றவர்கள் அவரோடு எதைச் சேர்த்தார்கள் என்பதும் அவர்களுடைய வாழ்க்கை வரலாற்றின் ஒரு பகுதியாகவே எனக்குத் தோன்றுகிறது.

ஜெர்மன் சட்டமும் இந்த இடரை உணர்ந்திருக்கிறது. அங்கே குடும்பப் பெயரை விருப்பப்படி மாற்ற முடியாது. முக்கியமான காரணம் ஒன்றைக் காட்ட வேண்டும். பெயர் மாற்றம் குறித்து 1980-இல் வெளியான நிர்வாக விதிகள், நாடெங்கும் மிகுதியாக வழங்கும் பெயர்களைத் 'திரள் பெயர்கள்' என்று வகைப்படுத்தி, அவை வேறுபடுத்திக் காட்டும் ஆற்றலை இழந்துவிட்டதால் பெயர் மாற்றத்துக்கு அதுவே போதிய காரணம் ஆகலாம் என்கின்றன. முல்லரும் மையரும் ஷ்மிட்டும் அவ்வகையைச் சேர்ந்தவை. ஒருவருடைய பெயர் பெயருக்குரிய வேலையைச் செய்யவில்லை என்று ஓர் அரசே எழுத்தில் ஒப்புக்கொள்வது சிறிய செய்தி அல்ல.

யோகன்னஸ் முல்லர் என்ற பெயரில் வாழ்ந்தவர்களுக்குள் மூவரைப் பற்றி நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். மூவரும் தத்தம் துறையில் முதல் வரிசையில் நின்றவர்கள். மூன்று வெவ்வேறு நூற்றாண்டுகளில் பிறந்தவர்கள்.

முதலாமவர் 1436-இல் ஃபிராங்கோனியப் பகுதியின் கோனிக்ஸ்பெர்க் என்ற சிற்றூரில், உண்மையாகவே ஓர் ஆலைக்காரரின் மகனாகப் பிறந்தார். 11 வயதில் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 14 வயது நிறையும் முன்பே வியன்னாவுக்குச் சென்றார். அங்கே 1450-ஆம் ஆண்டுப் பதிவேட்டில் அவருடைய பெயர் 'கோனிக்ஸ்பெர்க்கைச் சேர்ந்த யோகன்னஸ் மோலிட்டோரிஸ்' என்று இருக்கிறது. முல்லரின் லத்தீன் வடிவம் அது. பிறகு கோனிக்ஸ்பெர்க் என்ற ஊர்ப்பெயரும் லத்தீனில் 'அரச மலை' ஆகி, அவர் இறந்து அரை நூற்றாண்டுக்கும் மேலான பிறகு மற்றவர்கள் சூட்டிய ரெஜியோமொன்டானஸ் என்ற பெயரே நிலைத்துவிட்டது. கணித வரலாறு படித்தவர்களுக்கு அவரை அந்தப் பெயரில்தான் தெரியும். முக்கோணவியலை வானியலின் கைக்கருவியாக மட்டும் பார்க்காமல் தனித்துறையாக எடுத்துக்கொண்டு அவர் 1464 வாக்கில் எழுதிய நூல், 1533-இல்தான் நூரம்பெர்க்கில் அச்சேறியது. அதே நகரில் 1471-இல் குடியேறி, அறிவியல் நூல்களை அச்சிடுவதற்கென்றே ஓர் அச்சகம் நிறுவியவர் அவர். நாட்காட்டித் திருத்தத்துக்காகத் திருத்தந்தை நான்காம் சிக்ஸ்டஸ் அழைத்ததை ஏற்று ரோமுக்குச் சென்றவர், 1476 ஜூலையில் 40 வயதில் அங்கே இறந்தார்.

அவரை வேறுபடுத்துவதற்காகச் சேர்த்த ஊர்ப்பெயரே மேலும் ஒரு குழப்பத்தைக் கொண்டுவந்தது. கோனிக்ஸ்பெர்க் என்றதும் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது தத்துவ அறிஞர் கான்ட் வாழ்ந்த பிரஷ்ய நகரம். இன்று ரஷ்யாவின் கலினின்கிராட். ரெஜியோமொன்டானஸ் அந்த ஊர்க்காரர் அல்லர். அவருடைய கோனிக்ஸ்பெர்க் இன்றைய பவேரிய மாநிலத்தில் உள்ள சிறிய நகரம். பொதுப்பெயரின் நெரிசலிலிருந்து மீட்பதற்கு ஊர்ப்பெயர் போதாது, அந்த ஊர் எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்பதும் தெரிய வேண்டும் என்பதற்கு இவரைவிடச் சிறந்த சான்று இல்லை.

இரண்டாமவர் சுவிட்சர்லாந்தின் ஷாஃப்ஹவுசன் நகரில் 1752-இல் பிறந்த வரலாற்றாசிரியர். சுவிஸ் கூட்டமைப்பின் வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதினார். 1791-இல் பேரரசர் இரண்டாம் லியோபோல்ட் பிரபுப் பட்டம் அளித்த பிறகு யோகன்னஸ் ஃபொன் முல்லர் ஆனார். 'ஃபொன்' என்ற அந்தச் சிறு சொல்லே பெயரட்டவணைகளில் இன்றும் அவரை மற்ற யோகன்னஸ்களிடமிருந்து பிரித்து நிறுத்துகிறது. சுவிஸ் விடுதலை வீரனைப் பற்றிய வில்ஹெல்ம் டெல் நாடகத்தை எழுதுவதற்கு ஜெர்மன் நாடகாசிரியர் ஷில்லருக்கு அவருடைய நூல் முக்கியமான ஆதாரமாக இருந்தது. அதற்கு ஷில்லர் நன்றி செலுத்திய விதம் எனக்கு மிகவும் பிடித்தமானது. நாடகத்தின் ஐந்தாம் அங்கத்தில், மன்னர் கொல்லப்பட்ட செய்தி மலைநாட்டு மக்களை வந்தடைகிறது. அதைச் சொல்பவர், நம்பத்தக்க மனிதரான யோகன்னஸ் முல்லர் ஷாஃப்ஹவுசனிலிருந்து இச்செய்தியைக் கொண்டுவந்தார் என்று தெரிவிக்கிறார். கதை நடப்பது 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அந்தக் காலத்தில் அந்தப் பெயரில் ஒரு செய்தியாளர் இருந்திருக்கலாம் என்று எவரும் நம்புவார்கள், ஏனெனில் அதைவிடச் சாதாரணமான பெயர் கிடையாது. 1804-இல் நாடகத்தைக் கண்டவர்களுக்கோ, 'ஷாஃப்ஹவுசன்', 'நம்பத்தக்க' என்ற இரண்டு சொற்களும் தம் காலத்து வரலாற்றாசிரியர் ஒருவரைக் கைகாட்டின. பொதுப்பெயர் அளிக்கும் மறைவை ஷில்லர் இங்கே மரியாதையாக மாற்றியிருக்கிறார். குறிப்பு தெரியாமல் படிப்பவர் அந்த வரியைத் தடையின்றிக் கடந்துவிடலாம் என்பதும் அதன் நயத்தில் சேர்ந்ததே.

மூன்றாமவர் கோப்ளென்ஸ் நகரில் 1801-இல் ஒரு செருப்புத் தொழிலாளியின் மகனாகப் பிறந்து, பெர்லினில் பேராசிரியராக இருந்து 1858-இல் மறைந்த உடலியலாளர். கண்ணை மூடிக்கொண்டு இமையின் ஓரத்தை மென்மையாக அழுத்தினால் ஒளிவட்டம் ஒன்று தெரியும்; அங்கே ஒளி எதுவும் இல்லை, விரலின் அழுத்தம் மட்டுமே உண்டு. பார்வை நரம்பை எது தூண்டினாலும் அது ஒளியாகவே உணரப்படும், செவி நரம்பை எது தூண்டினாலும் ஒலியாகவே உணரப்படும் என்று இதிலிருந்து அவர் ஒரு பொது விதியை வகுத்தார். நாம் உணர்வது புறப்பொருளை நேரடியாக அல்ல, நம் நரம்புகளின் நிலையையே என்ற அந்தக் கருத்து உளவியலின் போக்கையே மாற்றியது. உயிரணுக் கோட்பாட்டின் ஷ்வான், நோயியலின் விர்க்கோ, இயற்பியலிலும் உடலியலிலும் பெயர்பெற்ற ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆகிய மூவரும் அவரிடம் பயின்றவர்கள். ஓர் ஆசிரியரின் மாணவர் வரிசை இதைவிடச் செழிப்பாக இருக்க முடியுமா என்று நான் வியந்திருக்கிறேன்.

இன்று உலகெங்கும் அவருடைய பெயரை அதிகமாக உச்சரிப்பவர்கள் மகப்பேற்று மருத்துவர்கள். கருவில் கருப்பையும் கருக்குழாய்களும் உருவாவதற்கு அடிப்படையான நாளங்களை அவர் 1830-இல் விவரித்ததால் அவற்றுக்கு முல்லர் நாளங்கள் என்று பெயர் வந்தது. ஆண் கருவில் அந்த நாளங்களைச் சுருங்கச் செய்யும் சுரப்பு ஆன்டி-முல்லேரியன் ஹார்மோன். சினைப்பையில் எஞ்சியுள்ள முட்டைகளின் அளவைக் கணிக்க இரத்தப் பரிசோதனை அறிக்கைகளில் ஏ.எம்.ஹெச். என்று வருவது அதுவே. அந்த மூன்றெழுத்துக்குள் கோப்ளென்ஸின் செருப்புத் தொழிலாளியின் மகன் இருக்கிறார் என்பது, அறிக்கையைக் கையில் வாங்கும் பலருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

மருத்துவ நூல்களில் 'முல்லர்' என்று வருவதெல்லாம் இவர்தான் என்று எடுத்துக்கொண்டால், அங்கே இன்னொருவருக்கு உரியது பறிபோகும். விழித்திரையைக் குறுக்காகத் தாங்கி நிற்கும் முல்லர் செல்களும், மேலிமையை உயர்த்த உதவும் முல்லர் தசையும் வூர்ஸ்பர்க் உடற்கூறியலாளர் ஹைன்ரிக் முல்லரின் பெயரால் வழங்குபவை. 1820-இல் பிறந்து 1864-இல், 43 வயதில், மறைந்த அவர், துடிக்கும் இதயம் மின்சாரத்தை உண்டாக்குகிறது என்பதை 1856-இல் சக உடற்கூறியலாளர் கோலிக்கருடன் சேர்ந்து தவளையின் இதயத்தில் காட்டியவர். இன்று நாம் எடுத்துக்கொள்ளும் ஈ.சி.ஜி.யின் நெடிய முன்வரலாற்றில் அவருக்கு இடமுண்டு.

ஆனால் ஹைன்ரிக் முல்லர் என்ற பெயரைத் தேடுபவருக்கு முதலில் எதிர்ப்படுபவர் இந்த அறிஞர் அல்லர். 1900-இல் மியூனிக்கில் பிறந்து, நாஜி அரசின் இரகசியக் காவல்துறையான கெஸ்டாபோவின் தலைவராக இருந்தவர் அவருக்கு முன்னால் வந்து நிற்கிறார். யூத மக்களை அழிக்கும் திட்டத்தை ஒருங்கிணைப்பதற்காக 1942 ஜனவரி 20 அன்று பெர்லினின் வான்சே பகுதியில் நடந்த கூட்டத்தில் அவர் பங்கேற்றார். யூதர்களை அழிவு முகாம்களுக்கு அனுப்பும் வேலையை ஒருங்கிணைத்த ஐக்மன் அவருக்குக் கீழே பணியாற்றியவர். நாஜிக் கட்சியின் எஸ்.எஸ். படையின் உயர் பொறுப்பில் அதே பெயரில் இன்னொருவரும் இருந்ததால், சக அதிகாரிகளே அவரைக் 'கெஸ்டாபோ முல்லர்' என்று குறித்தார்கள். ஓவியரின் தூரிகையும் ஆலைக்காரரின் ஊரும் பெயரோடு ஒட்டிக்கொண்டது போலவே, அவர் செய்த கொடுந்தொழில் அவருடைய பெயரோடு ஒட்டிக்கொண்டது.

1945 மே மாதத் தொடக்கத்தில் பெர்லினில் ஹிட்லரின் பதுங்கறைப் பகுதியில் காணப்பட்டதோடு அவரைப் பற்றிய உறுதியான தடயம் முடிகிறது. போருக்குப் பின் அவரைத் தேடிய நேச நாட்டுப் புலனாய்வாளர்களின் கோப்புகளில் வேறு ஹைன்ரிக் முல்லர்களைப் பற்றிய செய்திகளும் வந்து கலந்தன. எங்கோ ஒரு ஹைன்ரிக் முல்லர் இருக்கிறார் என்ற தகவலுக்கு ஜெர்மனியில் என்ன மதிப்பு இருக்க முடியும்? பிறந்த நாள், தோற்றம், பணிக் குறிப்பு எல்லாம் பொருந்தினால் ஒழிய அது வெறும் பெயர்தான். மேற்கு பெர்லினில் அவருடையது என்று கருதப்பட்ட கல்லறையை 1963-இல் தோண்டியபோது, அதில் கிடைத்த எலும்புகள் அவருடையவை அல்ல என்று தெரிந்தது. பொதுப்பெயர் ஒரு குற்றவாளிக்குத் திரையாக அமைந்ததையும், அதே பெயரைத் தாங்கிய எளிய மனிதர்கள் மீது அதன் நிழல் படிந்ததையும் எண்ணும்போது, பெயரை ஆளோடு சரியாகப் பொருத்தும் வேலை ஏட்டு ஒழுங்கு மட்டுமல்ல என்ற என் எண்ணம் வலுப்படுகிறது.

ஹெர்மன் முல்லர்களிடத்தில் மனம் சற்று இலகுவாகிறது. சுவிட்சர்லாந்தின் துர்காவ் மாநிலத்தில் 1850-இல் பிறந்த தாவரவியலாளர் ஹெர்மன் முல்லர், அதே துறையில் இருந்த மற்ற முல்லர்களிடமிருந்து தம்மை வேறுபடுத்த மாநிலத்தின் பெயரைச் சேர்த்து முல்லர்-துர்காவ் என்று எழுதினார். ஜெர்மனியின் கைசன்ஹைம் ஆய்வு நிலையத்தில் 1882-இல் அவர் உருவாக்கிய திராட்சை வகைக்கும் முல்லர்-துர்காவ் என்றே பெயர் வந்தது. ஒருவரை அடையாளம் காட்டச் சேர்த்த ஊர்ப்பெயர் இன்று பயிரின் பெயராக வாழ்கிறது. இதிலும் ஓர் அடையாளச் சிக்கல் ஒளிந்திருந்தது. ரீஸ்லிங், சில்வானர் என்ற இரு வகைகளின் கலப்பு அது என்று அவர் நம்பினார். பின்னாளில் நடந்த மரபணுச் சோதனைகள், ஒரு பெற்றோர் ரீஸ்லிங்தான், மற்றது சில்வானர் அல்ல, மடலேன் ராயல் என்று காட்டின. சுவிட்சர்லாந்தில் அந்தத் திராட்சையை ரீஸ்லிங்-சில்வானர் என்று அழைக்கும் வழக்கம் அதன் பிறகும் தொடர்கிறது.

அவருடைய சமகாலத்திலேயே லிப்ஷ்டாட் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்த இன்னொரு ஹெர்மன் முல்லர், பூக்களின் மகரந்தச் சேர்க்கையில் பூச்சிகளின் பங்கைப் பற்றி 1873-இல் வெளியிட்ட நூலின் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு டார்வின் முன்னுரை எழுதினார். நச்சுத்தன்மை கொண்ட இரு வண்ணத்துப்பூச்சி இனங்கள் ஒன்றைப் போல மற்றொன்று தோற்றமளிப்பதால் இரண்டுமே பாதுகாப்புப் பெறுகின்றன என்ற முல்லேரியன் ஒப்புமை, பிரேசிலில் குடியேறிய, இந்த ஹெர்மனின் அண்ணன் ஃப்ரிட்ஸ் முல்லரின் கண்டுபிடிப்பு. முல்லேரியன் நாளத்துக்கும் முல்லேரியன் ஒப்புமைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதை உயிரியல் மாணவர்களுக்கு முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவது நல்லது.

மன்ஹைமில் பிறந்த அரசியல்வாதி ஹெர்மன் முல்லர், வெளியுறவு அமைச்சராக 1919 ஜூன் 28 அன்று வெர்சாய் உடன்படிக்கையில் ஜெர்மனியின் சார்பில் கையெழுத்திட்ட இருவருள் ஒருவர். 1920-இலும், பின்னர் 1928 முதல் 1930 வரையிலும் ஜெர்மன் அரசின் தலைவரான சான்சலராக இருந்தார். வேலையில்லாதோர் காப்பீட்டுத் தொகை குறித்த சச்சரவில் அவருடைய அரசு 1930 மார்ச்சில் விழுந்தது. வைமார் குடியரசில் நாடாளுமன்றப் பெரும்பான்மையை நம்பி ஆண்ட கடைசி அரசு அதுவே. ஃபிராங்கோனியத் தொகுதியின் உறுப்பினர் என்பதால் அவரை முல்லர்-ஃபிராங்கன் என்றும், அதே கட்சியின் தொழிற்சங்கத் தலைவரான மற்றொரு ஹெர்மன் முல்லரை முல்லர்-லிக்டன்பெர்க் என்றும் வேறுபடுத்தினார்கள். ஒரே பெயருள்ள உறுப்பினர்களோடு ஊரைச் சேர்க்கும் அந்த வழக்கம் போருக்குப் பிந்தைய நாடாளுமன்றத்திலும் தொடர்ந்தது. பின்னாளில் சான்சலரான ஹெல்முட் ஷ்மிட்டே அங்கே 'ஷ்மிட் (ஹாம்பர்க்)' என்றுதான் குறிக்கப்பட்டார்.

விளையாட்டைப் பின்தொடர்பவர்களுக்குக் கெர்ட் முல்லர் என்றால் ஒருவர்தான். 62 பன்னாட்டு ஆட்டங்களில் 68 கோல்கள் அடித்து, 1974 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் நெதர்லாந்துக்கு எதிராக வெற்றிக் கோலையும் அடித்தவர். ஆனால் 2013 முதல் 2021 வரை ஜெர்மனியின் வளர்ச்சி ஒத்துழைப்பு அமைச்சராக இருந்து, நெறியான முறையில் தயாராகும் ஆடைகளுக்கான 'பச்சைப் பொத்தான்' முத்திரையைக் கொண்டுவந்த கெர்ட் முல்லரும் இருக்கிறார். 2021 டிசம்பரில் ஐ.நா. தொழில் வளர்ச்சி அமைப்பின் தலைமை இயக்குநரானார். இருவரும் பிறந்தது பவேரியாவின் ஷ்வாபியப் பகுதியில், பத்து ஆண்டு இடைவெளியில். கால்பந்து வீரர் மறைந்தது 2021 ஆகஸ்டில். சில மாத இடைவெளியில் ஒரே பெயர் இரங்கல் குறிப்பிலும் நியமனச் செய்தியிலும் இடம்பெற்றது.

பீட்டர் முல்லர் என்ற பெயர் இன்னும் தொலைவான வாழ்க்கைகளை ஒன்றாகக் கட்டுகிறது. கொலோனைச் சேர்ந்த குத்துச்சண்டை வீரர் பீட்டர் முல்லர் 1952-இல் ஒரு சாம்பியன் போட்டியின் நடுவே நடுவரையே குத்தி வீழ்த்திவிட்டார். ஜார்லாந்து மாநிலத்தின் முதலமைச்சராக இருந்த பீட்டர் முல்லர், 2011-இல் கார்ல்ஸ்ரூவேயில் உள்ள அரசமைப்பு நீதிமன்றத்தின் நீதிபதியாகி 2023 வரை பணியாற்றினார். 1984-இலும் 1988-இலும் குளிர்கால ஒலிம்பிக்கின் மலைச்சரிவுப் பனிச்சறுக்கில் வெள்ளி வென்ற பீட்டர் முல்லர் சுவிட்சர்லாந்துக்காரர்.

இவர்களை எல்லாம் ஒழுங்காகப் பிரித்து வைக்கும் பொறுப்பு கடைசியில் நூலகர்களிடம் வந்து சேர்கிறது. ஜெர்மன் தேசிய நூலகமும் பிற நூலகக் கூட்டமைப்புகளும் சேர்ந்து நடத்தும் பொதுத் தரவுக் கோப்பில் ஒவ்வொருவருக்கும் தனி எண் உண்டு. பிறந்த ஆண்டு, ஊர், தொழில், எழுதிய நூல்கள் ஆகியவற்றைக் கொண்டு இந்த யோகன்னஸ் வேறு, அந்த யோகன்னஸ் வேறு என்று அங்கே தீர்மானிக்கிறார்கள். எவரென்று பிரிக்க முடியாத ஆசிரியர்களின் நூல்களை முன்பு ஒரே பெயர்ப் பதிவின் கீழ்த் திரட்டி வைத்திருந்தார்கள்; வேளாண்மை எழுதியவரும் மறையுரை எழுதியவரும் ஒரே பீட்டர் முல்லராக அங்கே அடைபட்டுக் கிடந்தார்கள். பின்னர் அந்தத் திரள் பதிவுகளைக் கைவிட்டார்கள். பொதுமக்களின் கண்ணில் படாத இந்த வேலையை நான் பெரிதும் மதிக்கிறேன். அட்டையில் இருக்கும் ஒரு வரித் தகவலிலிருந்து, முன்னுரையின் கீழே உள்ள ஊர்ப்பெயரிலிருந்து ஒருவரை மீட்டெடுப்பது எளிதல்ல.

தமிழில் எழுதும் நமக்கு இதில் கூடுதல் கவனம் தேவைப்படுகிறது. ஜெர்மன் எழுத்தில் முல்லருக்கும் (Müller) மோலருக்கும் (Möller), அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தோர் எழுதும், u-வின் மேல் புள்ளியில்லாத வடிவத்துக்கும் (Muller) கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு உண்டு. தமிழ் எழுத்தில் அவற்றுள் சில ஒன்றாகிவிடுகின்றன. நோபல் பரிசுப் பட்டியலையே பாருங்கள். ஊடுகதிரால் மரபணு மாற்றம் ஏற்படுகிறது என்று நிறுவியதற்காக 1946-இல் மருத்துவப் பரிசு பெற்றவர் நியூயார்க்கில் பிறந்த ஹெர்மன் ஜோசப் முல்லர். டி.டி.டி.யின் பூச்சிகொல்லித் திறனைக் கண்டதற்காக 1948-இல் அதே பரிசைப் பெற்றவர் சுவிட்சர்லாந்தின் பவுல் ஹெர்மன் முல்லர். ஒரே பரிசு, இரண்டு ஆண்டு இடைவெளி, இருவர் பெயரிலும் ஹெர்மன். தமிழில் எழுதினால் குடும்பப் பெயரிலும் வேறுபாடு இல்லை. 1987-இல் இயற்பியல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அலெக்ஸ் முல்லரும், 2009-இல் இலக்கியப் பரிசு பெற்ற ஹெர்ட்டா முல்லரும் அதே பட்டியலில் இருக்கிறார்கள்.

ஆகவே மொழிபெயர்ப்போரிடமும் பாடநூல் எழுதுவோரிடமும் நான் கேட்டுக்கொள்வது மிக எளியது. முல்லர் என்ற பெயரை முதன்முறை எழுதும் இடத்தில் முன்பெயர் முழுவதையும், பிறந்த ஆண்டையும், ஊரையோ துறையையோ ஒன்றையும் சேர்த்து எழுதுங்கள். 'முல்லர் விதி' என்று மட்டும் எழுதினால் தேடுபவருக்கு வழியில்லை. 'உடலியலாளர் யோகன்னஸ் பீட்டர் முல்லர், கோப்ளென்ஸ், 1801' என்று எழுதினால் எவரும் அவரைத் தவறாமல் சென்றடையலாம்.